நாலு சிலிண்டர் எஸ்.யூ.வி வாங்கினா லைஃப் வருமா? இ.எம்.ஐ முடிஞ்ச பிறகும் இன்ஜின் ஓட இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மாவோடு கார் ஷோரூமுக்குப் போகிறீர்கள். காபி வருகிறது. பானெட்டைத் திறந்து காட்டும் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ், "இது ஃபோர் சிலிண்டர் இன்ஜின் சார். ஸ்மூத்தா இருக்கும், லைஃபும் வரும்" என்கிறார். அப்பா தலையாட்டுகிறார். நீங்களும் தலையாட்டி விடுகிறீர்கள். ஏன், எப்படின்னு யாரும் கேட்பதில்லை.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. இன்று பெரும்பாலானவர்கள் காம்பேக்ட் எஸ்.யூ.வி வாங்குவது கடனில்தான். ஏழு வருடக் கடன் என்றால் 84 மாதத் தவணை. ஆர்.சி புத்தகத்தில் வண்டிக்கு இருக்கும் ஆயுள் 15 வருடம். முதல் ஏழு வருடம் நீங்கள் பேங்குக்காக ஓட்டுகிறீர்கள். மிச்ச எட்டு வருடம்தான் வண்டி உங்களுக்காக ஓடும். எட்டாவது வருடத்தில் இன்ஜின் வேலை வைத்தால், கட்டிய தவணை எல்லாம் கண் முன்னால் வந்து போகும்.

அந்த சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் சொன்னதில் பாதி உண்மை. நாலு சிலிண்டர் ஸ்மூத்தாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'லைஃப்' என்பது சிலிண்டர் எண்ணிக்கையில் இல்லை. எந்த மாதிரி ஓட்டத்துக்கு எந்த இன்ஜினை எடுக்கிறீர்கள், அதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்மூத்னா என்ன? சிக்னலில் நின்று பாருங்கள்

கார் இன்ஜின் நான்கு வேலைகளைச் சுற்றிச் சுற்றிச் செய்கிறது. காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது. இந்த நான்கும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதாவது ஒரு சிலிண்டர் உங்களுக்குச் சக்தி கொடுப்பது இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான்.

நாலு சிலிண்டர் இருந்தால் அந்த இரண்டு சுற்றுக்குள் நான்கு முறை சக்தி கிடைக்கும். அரைச் சுற்றுக்கு ஒரு உந்துதல். மூன்று சிலிண்டர் என்றால் மூன்றே முறை. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு சிலிண்டரில் நொடிக்கு 25 உந்துதல் வரும். மூன்று சிலிண்டரில் 19-க்கும் கொஞ்சம் கம்மி. இடைவெளி கூடும்போது ஒவ்வொரு உந்துதலும் தனித்தனியாக உடம்புக்குத் தெரியும். ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் வரும் அந்த லேசான நடுக்கம் இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நாலு சிலிண்டரில் ஓரத்தில் இருக்கும் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது, நடுவில் இருக்கும் இரண்டும் கீழே வரும். நாலு பேர் தோள் கொடுத்த சப்பரம் மாதிரி எடை சமமாகப் பிரிந்துவிடும். மூன்றில் அந்தச் சமநிலை கிடையாது. இன்ஜின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் லேசாக ஆடப் பார்க்கும். அதை அடக்கக் கம்பெனிகள் பேலன்ஸர் ஷாஃப்ட், எடை சரிசெய்த ஃப்ளைவீல், நல்ல இன்ஜின் மவுன்ட் என்று பல வழி வைத்திருக்கிறார்கள். இன்றைய நல்ல மூன்று சிலிண்டர் இன்ஜின் ஓடும் வேகத்தில் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. வித்தியாசம் தெரிவது ஐடிலிங்கிலும், குறைந்த ஆர்பிஎம்மில் ஊர்ந்து போகும்போதும்தான். நம் ஊர் டிராஃபிக்கில் பாதி நேரம் அப்படித்தானே போகிறது!

அப்போ ஆயுள்? மாருதி 800-ஐ நினைத்துப் பாருங்கள்

1983-ல் வந்த மாருதி 800-ல் இருந்தது 796 சிசி, மூன்றே சிலிண்டர் இன்ஜின். உங்கள் தாத்தாவோ, பக்கத்து வீட்டு டாக்டரோ அதை எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஓடும் ஆட்டோவில் இருப்பது ஒரே சிலிண்டர். அது காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது.

உண்மையில் நாலு சிலிண்டரில் உரசும் பாகங்கள் அதிகம். நாலு பிஸ்டன், நாலு பிளக், நாலு இன்ஜெக்டர், பெரும்பாலும் 16 வால்வு. மூன்றில் இதெல்லாம் ஒரு பங்கு குறைவு. அதிர்வு குறைவதால் இன்ஜின் மவுன்ட்டுக்கும், கேபினில் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்பது சரிதான். ஆனால், 'நாலு இருந்தால் நாலு வருடம் கூட ஓடும்' என்ற கணக்கு கிடையாது.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் மூன்றுக்கு மாறின? எரிபொருள் சிக்கனம் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தபோது ஓர் எல்லை வகுத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டக் கூடாது. அந்த எல்லை இன்றும் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். தாண்டினால் 40 சதவிகிதம்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மாருதி பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருக்கும் வண்டி. ஆனால் அதில் இருப்பது 1,462 சிசி நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் என்பதால் பெரிய கார் வரி. ஹூண்டாய் வென்யூவின் 1.2 லிட்டர் இன்ஜினும் நாலு சிலிண்டர்தான். 1,197 சிசி என்பதால் சிறிய கார் வரி. அதே வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ மூன்று சிலிண்டர். ஆக, 'நாலு சிலிண்டர்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியின் விலையையோ, இழுவையையோ, ஆயுளையோ சொல்லிவிட முடியாது.

ஒரே கார், மூன்று குணம்

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா. 2024-ல் வந்த மாடலில் மூன்று இன்ஜின்கள். மூன்றுமே 1.5 லிட்டர். மூன்றுமே நாலு சிலிண்டர். ஆனால், ஓட்டினால் மூன்று வேறு வேறு வண்டி.

முதலாவது, டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல். 115 பிஎஸ் பவர், 144 என்எம் டார்க். இந்த முழு டார்க் கிடைப்பது 4,500 ஆர்பிஎம்மில். அதாவது, இன்ஜினைக் கொஞ்சம் சுற்ற விட்டால்தான் இழுக்கும்.

இரண்டாவது, டர்போ பெட்ரோல். 160 பிஎஸ், 253 என்எம். டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்து 3,500 வரை நிற்கும். கால் வைத்தவுடன் பாயும்.

மூன்றாவது, டீசல். 116 பிஎஸ், 250 என்எம். இதிலும் 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே முழு இழுவை. பவர் முதல் இன்ஜின் அளவுதான். ஆனால் ஆள், லக்கேஜ் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் ஏறக்குறைய இரண்டாவது இன்ஜின் மாதிரி இழுக்கும்.

பவர் என்பது எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதைச் சொல்கிறது. டார்க் என்பது நின்ற இடத்திலிருந்து எவ்வளவு அலட்டாமல் கிளம்பும் என்பதைச் சொல்கிறது. தினசரி ஓட்டத்தில் நீங்கள் 'பிக்கப்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த டார்க்கைத்தான். அதனால் பிரோஷரில் பவரை மட்டும் பார்க்காதீங்க. டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது என்ற சின்ன எழுத்தையும் பாருங்க.

உங்க ஓட்டம் எப்படி?

இப்போது ஒரு நோட்டில் உங்கள் வாரத்தை எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை முறை ஸ்டார்ட் செய்கிறீர்கள், மாதத்தில் எத்தனை முறை ஹைவேயில் போகிறீர்கள். பட்ஜெட்டுக்கு அடுத்தபடியாக இந்த மூன்றுதான் முக்கியம்.

வீட்டிலிருந்து ஆபீஸ் நாலைந்து கிலோமீட்டர், வாரக் கடைசியில் மால், எப்போதாவது ஊர். இதுதான் உங்கள் ஓட்டம் என்றால், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினே போதும். பாகங்கள் குறைவு, சூடு குறைவு, சின்னச் சின்ன அலட்சியங்களைப் பொறுத்துக்கொள்ளும்.

இதே ஓட்டத்துக்கு டீசல் எடுத்தால் சிக்கல் வரும். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் பத்து நிமிடத்தில் ஆஃப் செய்தால் அந்த வேலை பாதியிலேயே நின்று போகும். கரி சேரும், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். டாஷ்போர்டில் டி.பி.எஃப் விளக்கு எரிந்தால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாமல், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் ஒரு ஓட்டம் போய் வாருங்கள்.

மாறாக, வாரா வாரம் சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி என்று ஓடுகிறவர்களுக்கு டீசல் சரியான ஜோடி. நீண்ட ஓட்டம்தான் அதற்கு மருந்து.

டர்போ பெட்ரோல், ஓட்டுவதில் ருசி உள்ளவர்களுக்கு. அதில் தப்பே இல்லை. ஆனால், அது கொஞ்சம் கவனிப்பு கேட்கும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அதைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில் மட்டும்தான். ஹைவேயில் விரட்டி வந்து, டீக்கடையில் நிறுத்தியவுடன் டக்கென்று ஆஃப் செய்யாமல், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். அதைவிட நல்லது, கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது.

கியர்பாக்ஸையும் கணக்கில் எடுங்கள். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஹைவேயில் அருமையாக இருக்கும். பம்பருக்கு பம்பர் டிராஃபிக்கில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்னால் ஒரு கார் அளவு இடைவெளி விழட்டும். பிறகு ஒரேயடியாக நகருங்கள்.

18 கோடி சுற்று

ஒரு சின்னக் கணக்கு. 100 கி.மீ வேகத்தில் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 1,200 சுற்று. ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு 18 கோடி சுற்று. ஒவ்வொரு பிஸ்டனும் 18 கோடி முறை மேலே போய்க் கீழே வந்திருக்கும். சிட்டியில் சின்ன கியரில் ஓட்டினால் இன்னும் அதிகம்.

இவ்வளவு உரசியும் இரும்பு ஏன் தேயவில்லை? நடுவில் முடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலம் இருக்கிறது. அந்தப் படலம் இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இன்ஜினின் ஆயுள் என்று நாம் சொல்வது இந்தப் படலத்தின் ஆயுளைத்தான்.

படலம் மிக மெல்லியதாக இருப்பது காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த நேரத்தில். ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீங்க. பத்து முப்பது நொடி போதும். பிறகு கிளம்பி, முதல் சில கிலோமீட்டரை 2,500 ஆர்பிஎம்முக்குள் மெதுவாக ஓட்டுங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு 'சூடு பண்ண' வேண்டிய அவசியம் இல்லை. அது பெட்ரோலுக்குத்தான் கேடு.

குறைந்த தூர ஓட்டம் ஆயிலுக்கு இன்னொரு எதிரி. இன்ஜின் முழுதாகச் சூடேறும் முன் நிறுத்தினால், உள்ளே உருவாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். 'வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, ஆயில் எதுக்கு மாத்தணும்?' என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலான கார்களின் மேனுவலில் 10,000 கி.மீ அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். அந்த 'ஒரு வருடம்' சும்மா போட்டது இல்லை. அதே மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். குறைந்த தூரம், தூசி, நின்று நின்று போகும் டிராஃபிக், நீண்ட ஐடிலிங் எல்லாம் அதில் வரும். ஓ.எம்.ஆரில் தினமும் ஆபீஸ் போகிறவர் அந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால் ஓடோமீட்டரில் ஏறாது, ஆயிலில் ஏறும்.

'திக்கான ஆயில் போட்டா இன்ஜினுக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, மேனுவலில் இருக்கும் கிரேடையே போடச் சொல்லுங்கள். இன்றைய இன்ஜின்களில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறைவு. கெட்டியான ஆயில் காலையில் மேலே ஏறவே தாமதமாகும். தேய்மானம் நடக்கும் நேரமும் அதுதான்.

மாதம் ஒரு முறை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆஃப் செய்து சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இரண்டு குறிக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் தப்பு, அதிகமாக ஊற்றினாலும் தப்பு. ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் இரண்டு நிமிடம்தான் ஆகும்.

மலையில் மைலேஜ் பார்க்காதீங்க

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவானாலும், கொல்லிமலையின் 70 ஆனாலும், பலர் செய்யும் தப்பு ஒன்றுதான். 'ரெவ் பண்ணினா இன்ஜின் போயிடும், மைலேஜ் குறையும்' என்று பெரிய கியரிலேயே ஏற்ற முயல்வார்கள். 1,200 ஆர்பிஎம்மில் வண்டி திணறும், தடதடக்கும், இவர்கள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பார்கள்.

இன்ஜினுக்கு இதுதான் வலி. மெதுவாகச் சுற்றும்போது பாரம் முழுக்க பேரிங்கின் மேல் விழும். டர்போ பெட்ரோலில் இந்த நிலையில், பிளக் தீப்பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே சேதம் செய்யும் அபாயமும் உண்டு. ஒரு கியர் குறையுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது 3,500 ஆர்பிஎம் போனால் ஒன்றும் ஆகாது. டர்போ இல்லாத நாலு சிலிண்டர் பெட்ரோல் அப்படிச் சுற்றுவதற்காகவே செய்யப்பட்டது. ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் இதேதான். பெரிய கியரில் இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நிற்பதைவிட, கியரைக் குறைத்துச் சட்டென்று முந்தி வருவது இன்ஜினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இறங்கும்போதும் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் உருட்டுவது மைலேஜையும் தராது, பிரேக்கையும் சுட்டுவிடும்.

சிவப்பு விளக்கு என்றால் 'அடுத்த பங்க் வரை' கிடையாது

ஒரு நல்ல இன்ஜின் ஒரே மதியத்தில் போய்விடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஆயில் பிரஷர் போவது. கூலன்ட் இல்லாமல் ஓவர்ஹீட் ஆவது.

எண்ணெய் விளக்கு மாதிரி இருக்கும் சிவப்பு ஆயில் சின்னம் ஓடும்போது எரிந்தால், ஆயில் படலமே இல்லை என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்யுங்கள். அடுத்த பங்க், அடுத்த டோல் என்று இழுத்தால் இன்ஜின் பிடித்துவிடும். டோ செய்ய ஆகும் செலவு, இன்ஜின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

டெம்பரேச்சர் ஏறினால் ஏ.சியை ஆஃப் செய்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒரு முறை நன்றாக ஓவர்ஹீட் ஆகி வளைந்தால், கேஸ்கெட் வேலை ஆரம்பம். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கமும் வேண்டாம். உள்ளே துரு, உப்புப் படிவம் சேர்ந்து வழி அடைக்கும்.

வெள்ளத்தில் நின்றுபோனால்... சாவியைத் தொடாதீங்க

2015 டிசம்பரும், 2023 மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு மறக்காது. எஸ்.யூ.வி உயரமாக இருப்பதால் தண்ணீரில் இறக்கலாம் என்று தோன்றும். இன்ஜின் காற்றை இழுக்கும் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சக்கரத்தின் சைஸ் அல்ல. பக்கத்தில் பஸ் போனால் எழும் அலையே அந்த உயரத்தைத் தொட்டுவிடலாம்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த பிறகு பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராடு வளையும். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், டோ செய்து மெக்கானிக்கிடம் விடுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இப்படி வரும் இன்ஜின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் கவர் தனியாக இருக்கிறது. தண்ணீர் தேங்கும் ஏரியாவில் இருந்தால், பாலிசி புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள்.

ஏழு வருட வண்டியை வாங்கப் போறீங்களா?

புதிது வாங்க பட்ஜெட் இல்லை, செகண்ட் ஹேண்ட் காம்பேக்ட் எஸ்.யூ.வி பார்க்கிறேன் என்பவர்களுக்கும் இதே பாடம்தான். ஓடோமீட்டரைவிட சர்வீஸ் ரெக்கார்டு முக்கியம். 90,000 கி.மீ ஹைவேயில் ஓடி ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி, 35,000 கி.மீ சிட்டியில் ஓடி மூன்று வருடம் ஆயில் மாற்றாத வண்டியைவிட மேல்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். 'வாங்க சார், ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்' என்றால் கொஞ்சம் உஷார். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறட்டும் என்று சொல்லிக் காத்திருங்கள். முதல் ஸ்டார்ட்டில் டைமிங் செயின் சத்தம், தட்டும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவு சரியில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தார் மாதிரி கசடு படிந்திருந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

டைமிங் செயினா, பெல்ட்டா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால் மாற்ற வேண்டிய கெடு இருக்கும். மாற்றியதற்கு பில் கேளுங்கள். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் கார் என்றால், அது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

மறுபடி அந்த ஷோரூமுக்கு...

அடுத்த ஞாயிறு ஷோரூம் போகும்போது கையில் அந்த நோட்டையும் எடுத்துப் போங்க. 'ஃபோர் சிலிண்டர் சார்' என்று ஆரம்பித்தால், 'சரிங்க, டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் வருது? கடினமான பயன்பாட்டுக்கு ஆயில் எப்போ மாத்தணும்? டைமிங் பெல்ட்டா, செயினா?' என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் காலி ரோட்டில் பறக்காமல், டிராஃபிக்கில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். முடிந்தால் ஒரு மேம்பாலத்தில் வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு ஏறிப் பாருங்கள். உங்கள் தினசரி வாழ்க்கை அதுதான்.

அந்த மென்மை உங்களுக்கு வேண்டும், பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் நாலு சிலிண்டர் தாராளமாக எடுங்கள். சாவியைக் கையில் வாங்கிய அன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். டாஷ்போர்டு பெட்டியில் பாலிதீன் கவரில் இருக்கும் மேனுவலைப் பிரித்து, மெயின்டெனன்ஸ் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்ற வேண்டிய தேதியை இ.எம்.ஐ தேதி மாதிரியே காலண்டரில் ரிமைண்டர் போடுங்கள். இ.எம்.ஐ 84 மாதத்தில் முடிந்துவிடும். ஆயில் ரிமைண்டர் மட்டும் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கட்டும்!